அச்சம் நம்மை ஆளலாமா?



பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குப் போகும் பாதையில், மலையும் தேயிலையும் மாறி மாறி வரும் இடத்தில் இருக்கிறது லுணுகலை. அங்கே ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். பெயர் வேண்டாம். அது உங்கள் வீடாகவும் இருக்கலாம், பக்கத்து வீடாகவும் இருக்கலாம்.

அந்த வீட்டு மகள் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள். பதுளைக்குப் போய் உயர்தர விஞ்ஞானம் படிக்க அவளுக்கு ஆசை. தங்குவதற்குச் சாச்சியின் வீடும் இருக்கிறது.

"உம்மா, திங்கக்கிழமை நான் போகட்டா?"

"வானம் இருண்டு கிடக்கு மகள். அடுத்த கிழமை பார்ப்பமே."

அடுத்த கிழமை வானம் தெளிவாக இருக்கிறது. இப்போது உம்மாவுக்குத் தலைவலி. அதற்கடுத்த கிழமை, "கூடப் போக ஆளில்லையே" என்கிறார். உண்மைக் காரணத்தை மட்டும் அந்தத் தாய் வாய்விட்டுச் சொல்வதில்லை. பஸ் 13ஆம் கட்டையைத் தாண்டித்தானே போக வேண்டும்!

மகளின் படிப்போடு அது நிற்கவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் தனக்கிருந்த நீரிழிவு கிளினிக்கை அந்தத் தாய் இரண்டு தடவை தவறவிட்டுவிட்டார். தங்கச்சி மகளின் கலியாணத்துக்கும் போகவில்லை. இரவில் மழை பெய்தால் சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டி, விடியும்வரை கூடத்தில் உட்கார வைத்திருப்பார்.

சகோதரிகளே, அந்த வீட்டில் தீர்மானம் எடுப்பது யார்? வாப்பாவா? உம்மாவா? இருவருமில்லை. அச்சம்தான் அங்கே தலைமைப் பதவியில் உட்கார்ந்திருக்கிறது!

காரணமில்லாத பயமா?

"சும்மா பயப்படாதீங்க" என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்ல இந்த மலைநாட்டில் எவருக்கும் உரிமையில்லை.

2021 மார்ச் 20ஆம் திகதி காலையில் லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட தனியார் பஸ்ஸொன்று பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் வீழ்ந்தது. பாதையோரம் சரிந்து கிடந்த பாறையொன்றினால் அந்த இடம் ஏற்கெனவே ஒடுங்கியிருந்தது. குறைந்தது பதினான்கு உயிர்கள் பறிபோயின. முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். தாயையும் தகப்பனையும் ஒரே நாளில் இழந்த பிள்ளைகளும் உண்டு. பஸ் வீழும் காட்சி கெமராவொன்றில் பதிவாகி நாடு முழுவதும் பரவியது. பஸ்ஸில் இல்லாதவர்களும் அந்தப் பஸ்ஸில் இருந்ததுபோல் நடுங்கினார்கள்.

அடுத்து 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலை நினைத்துப் பாருங்கள். நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்து வீடுகளை மூடின. அந்த இரவுகளைக் கண்ட ஒரு தாய், இன்று தகரக் கூரையில் மழைத்துளி விழுந்தால் திடுக்கிடுகிறாள் என்றால் அது கோழைத்தனமாகுமா? கண்டதைத் தானே மனம் நினைக்கும்!

ஆகவே, நமது கேள்வி "பயப்படலாமா?" என்பதல்ல. பயம் வரத்தான் செய்யும். வந்த பயத்தை எங்கே உட்கார வைப்பது என்பதே கேள்வி. வாசலில் நின்று எச்சரிக்கும் காவல்காரனாக வைக்கலாம். வீட்டுச் சாவியை அதன் கையில் கொடுத்துவிடக் கூடாது.

உடம்புக்குள் நடப்பது என்ன?

அச்சம் மனிதனுக்கு ஒரு பாதுகாப்பு. ஆபத்தைக் கண்டதும் சிறுநீரகங்களின் மேலிருக்கும் சுரப்பிகள் அட்ரினலின் என்ற பொருளை இரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது. மூச்சு வேகமாகிறது. கைகால் தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. சமிபாட்டு வேலை குறைவதால் வயிற்றைப் பிசைகிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடம்பு இப்படித் தயாராகிறது.

ஆனால் உடம்புக்கு ஒரு குறை உண்டு. பள்ளத்தில் சரியும் பஸ்ஸையும், பஸ் தரிப்பிடத்தில் சும்மா நிற்கும் பஸ்ஸையும் அது சில நேரம் பிரித்தறிவதில்லை. ஆபத்து இல்லாத இடத்திலும் அதே மணியை அடிக்கிறது. நாம் அந்த மணியோசையையே ஆபத்து என்று எண்ணிவிடுகிறோம். "நெஞ்சு இப்படி அடிக்குதே, என்னமோ நடக்கப் போகுது" என்கிறோம். நெஞ்சு அடிப்பது, பயம் வந்திருப்பதற்குத்தான் சாட்சி. ஆபத்து வந்திருப்பதற்கு அது சாட்சியாகாது.

விலக விலக வளரும்

இனி, நன்றாகக் கவனியுங்கள். அந்தத் தாய் "அடுத்த கிழமை பார்ப்பம்" என்று சொன்ன நிமிடத்தில் அவருக்கு என்ன கிடைத்தது? ஒரு பெருமூச்சு! நெஞ்சின் பாரம் சட்டென்று இறங்கியது. இந்த நிம்மதிதான் பொறி. "போகாததால்தான் தப்பினேன்" என்று மனம் பாடம் படித்துக்கொள்கிறது. போயிருந்தாலும் பத்திரமாகவே திரும்பியிருப்போம் என்பதை அறியும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை.

முதலில் 13ஆம் கட்டை மட்டும் பயமாக இருந்தது. பின்னர் பசறைப் பாதை முழுவதும் பயமாயிற்று. பின்னர் எந்தப் பஸ்ஸும் பயமாயிற்று. பின்னர் பஸ்ஸில் போன கணவர் பத்து நிமிடம் தாமதித்தாலே கைகால் பதறலாயிற்று. பார்த்தீர்களா! விலகிச் செல்லச் செல்ல அச்சம் சுருங்கவில்லை. அது விலகிய இடங்களையெல்லாம் தனதாக்கிக்கொண்டது.

முயலும் சிறுவனும்

இதற்கு மருந்து உண்டா? உண்டு. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் அதைக் காட்டித் தந்தவர் ஒரு பெண்.

அமெரிக்காவின் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் 1924இல் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். மூன்று வயதுகூட நிரம்பாத அந்தப் பிள்ளைக்கு முயலைக் கண்டால் பெரும் பயம். ஜோன்ஸ் அவனை அதட்டவுமில்லை, முயலைத் தூக்கி அவன் மடியில் போடவுமில்லை. பிள்ளை தனக்கு விருப்பமானதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைக் கூண்டோடு தொலைவில் வைத்தார். அவன் அமைதியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் அருகே. மற்றொரு நாள் இன்னும் கொஞ்சம் அருகே. முயலுக்குப் பயப்படாத வேறு பிள்ளைகளையும் அவனோடு விளையாட விட்டார். இடையில் பயம் மீண்டும் கூடிய நாட்களும் இருந்தன. முடிவில் அந்தச் சிறுவன் முயலைத் தடவிக் கொடுத்தான்!

இன்று உலகெங்கும் வைத்தியர்கள் பயத்துக்குச் செய்யும் சிகிச்சைகளில் முக்கியமான ஒன்று இந்த வழியில் வந்ததே. பயப்படும் பொருளைப் படிப்படியாக, மீண்டும் மீண்டும், இடையில் ஓடிவிடாமல் சந்திப்பது. உச்சத்துக்கு ஏறிய பயம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. நாம் இருக்கும் இடத்திலேயே இருந்தால் அது மெல்ல மெல்ல இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது ஓடிவிட்டால்தான் அடுத்த தடவை இன்னும் உயரமாக ஏறும்.

13ஆம் கட்டையைத் தாண்ட

அந்தத் தாய் என்ன செய்யலாம்? பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, மிகக் குறைந்த பயத்திலிருந்து மிகப் பெரிய பயம்வரை ஏணிப்படிபோல் எழுதட்டும். ஒவ்வொரு படிக்கும் பத்துக்கு எத்தனை புள்ளி என்றும் போடட்டும்.

முதற்படி, அந்த விபத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போகாமல் வீட்டாரோடு இருந்து பேசுவது.

இரண்டாம் படி, மகளுடன் பஸ் தரிப்பிடத்துக்குப் போய், ஏறாமல், பஸ் புறப்படும்வரை நின்று பார்ப்பது.

மூன்றாம் படி, வெயில் எறிக்கும் ஒரு காலையில் நானாவுடனோ மச்சியுடனோ பசறைப் பாதையில் கொஞ்சத் தூரம் போய்த் திரும்புவது.

நான்காம் படி, துணையோடு 13ஆம் கட்டையைத் தாண்டிப் பசறை வரை போவது.

ஐந்தாம் படி, மகளை அழைத்துக்கொண்டு பதுளைக்குப் போவது.

ஆறாம் படி, மகளை அனுப்பிவிட்டு வீட்டிலே தமது வேலையைப் பார்ப்பது. ஒரு தாய்க்கு இதுவே ஆகக் கடினமான படி என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஒரு படியில் பயம் பாதியாகக் குறையும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரே நாளில் இரண்டு படி தாவ வேண்டாம். ஒரு நாள் வழுக்கினால் முந்திய படியில் நின்று மறுபடி தொடங்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தால் கடந்ததாகாது. "நான் கண்ணை மூடியதால் தப்பினேன்" என்றே மனம் சொல்லும். கண்ணைத் திறந்து பாருங்கள். மகளுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தொலைபேசி எடுப்பதும் அப்படித்தான். போய்ச் சேர்ந்ததும் ஓர் அழைப்பு என்று இருவரும் பேசிவைத்துக் கொள்ளுங்கள். அது போதும்.

துணிவு என்றால் கண்மூடித்தனம் என்று எண்ணிவிடவும் வேண்டாம். சாரதி வேகமாக ஓட்டினால், "தம்பி, மெல்லப் போங்க, பிள்ளைகள் இருக்கு" என்று வாய்திறந்து சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் இன்னும் நால்வர் சொல்வார்கள். அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய பஸ்ஸை விட்டு அடுத்ததில் ஏறுங்கள். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். இவை புத்தியின் தீர்மானங்கள். எச்சரிக்கை நீங்கிய பின்னும் மாதக்கணக்கில் போகாதிருந்தால், அது அச்சத்தின் தீர்மானம்.

மழைக்கு ஓர் அளவுகோல்

பஸ் பயம் ஒரு வகை. மழைப் பயம் வேறு வகை. அதைப் பழகிப் பழகிப் போக்கிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். சாய்வான நிலத்தில் குடியிருப்போருக்கு மழையில் உண்மையான ஆபத்து இருக்கிறது. அந்தப் பயத்தை விரட்டக் கூடாது. அதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

அச்சத்திடம் "எவ்வளவு?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் தெரியாது. அதற்குத் தெரிந்தது "ஐயோ, நடந்துவிட்டால்?" என்ற ஒரே சொல்தான். ஆகவே நாமே அளந்து பார்ப்போம்.

மேலும் கீழும் ஒரே அகலமுள்ள, பக்கங்கள் நேரான ஒரு டின்னை எடுங்கள். கூரைத் தண்ணீரோ மரத்துத் தண்ணீரோ விழாத வெளியில், சரிந்துவிடாமல் கல்லால் அணைத்து வையுங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே நேரத்துக்குப் பிள்ளையின் அடிமட்டத்தை விட்டுத் தண்ணீரின் ஆழத்தை அளந்து, கொப்பியில் எழுதிவிட்டு ஊற்றிவிடுங்கள். டின்னில் நிற்கும் தண்ணீரின் ஆழம்தான் பெய்த மழையின் அளவு.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சொல்லும் அளவுகள் இவை: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது ஏழரை சென்ரிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 மில்லிமீற்றர் பெய்தாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். பெருமழை இரவென்றால் காலைவரை காத்திராமல் இடையிலும் டின்னைப் பாருங்கள்.

டின் ஒன்றுதான் சாட்சி என்று இருந்துவிடவும் கூடாது. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயத் தொடங்கும் மரமும் கம்பமும், திடீரென்று இறுகிப்போகும் கதவு யன்னல், புதிதாகக் கிளம்பும் ஊற்று, கலங்கி வரும் ஊற்றுநீர் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், டின் என்ன சொன்னாலும், உடனே வெளியேறுங்கள். கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். அவர்கள் வெளியேறச் சொன்னால் கேள்வி கேட்காமல் போய்விட வேண்டும்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, மருந்து, டோர்ச், பிள்ளையின் கொப்பிகள் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி ஒரு பையில் போட்டுக் கதவருகே வையுங்கள். எந்த வழியால் எந்த இடத்துக்குப் போவது, மாமியை யார் தாங்கிப் பிடிப்பது, சின்னவனை யார் தூக்குவது என்று வெயில் நாளிலேயே பேசி முடியுங்கள்.

இவ்வளவும் செய்தபின் ஒரு சாதாரண மழை இரவில் டின்னில் இருபது மில்லிமீற்றர்தான் நிற்கிறது, எந்த எச்சரிக்கையும் இல்லை, நிலத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. அப்போது என்ன செய்வீர்கள்? துஆ ஓதிவிட்டுப் பிள்ளைகளை உறங்க விடுங்கள். நீங்களும் உறங்குங்கள். அச்சம் சொன்ன வேலையைச் செய்து முடித்துவிட்டீர்கள். இனி அது உங்களை விழித்திருக்கச் சொல்ல நியாயமில்லை.

கேட்க வேண்டிய அச்சம்

அச்சத்தை எப்போதும் அடக்கிவிட வேண்டும் என்று எண்ணுவோருக்கு நமது மாவட்டத்திலேயே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் மீது மலை சரிந்தது. லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை.

அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் போவதற்கு வேறு காணி இல்லாத தோட்டத் தொழிலாளி எங்கே போவான்? அங்கே பயந்தவர்களை மட்டும் குறை சொல்வது அநியாயம். அவர்களுடைய அச்சத்தைக் கேட்க வேண்டியவர்களும் கேட்டிருக்க வேண்டும். அச்சம் நியாயமானதாக இருந்தால், அதை மனதுக்குள் பூட்டி வைக்காமல் ஊர் கூடிச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கடிதம் எழுத வேண்டும். பதில் வரும்வரை கேட்க வேண்டும். அச்சத்தை எதிர்கொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று.

ஒரு தாயின் முன்மாதிரி

பயமே இல்லாதவர்தான் தைரியசாலி என்று யார் சொன்னது? நபி மூஸா (அலை) அவர்களின் தாயாரை எண்ணிப் பாருங்கள். பிர்அவ்னின் ஆட்கள் ஆண் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த காலம். பெற்ற பிள்ளையை ஆற்றில் விட வேண்டும். அந்தத் தாய்க்குப் பயமில்லாமல் இருந்ததா? அவரது உள்ளம் வெறுமையாகி, உண்மையை வெளியிட்டுவிடும் நிலைக்கே வந்துவிட்டதென்று திருக்குர்ஆன் நமக்குச் சொல்கிறது.

அவர் பயத்தோடுதான் அந்த அடியை எடுத்து வைத்தார். அல்லாஹ்வின் வாக்குறுதியில் நம்பிக்கை வைத்தார். அதன்பின் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாரா? இல்லை. பிள்ளை எங்கே போகிறான் என்று பார்த்து வரும்படி மகளை அனுப்பினார்! நம்பிக்கையும் இருந்தது, நடுக்கமும் இருந்தது, செய்ய வேண்டிய காரியமும் நடந்தது. தவக்குல் எப்படியிருக்கும் என்பதை அந்தத் தாயிடம் காண்கிறோம். பயம் வருவதே ஈமானின் குறை என்று சொல்லிப் பயந்தவரின் மனதை நோகடிப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டாமா?

தனியே சுமக்க வேண்டாம்

ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்த விபத்திலோ மண்சரிவிலோ அகப்பட்டு மீண்டவர்கள், உறவுகளை இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இரவில் அதே காட்சி கனவில் வந்து அலறி எழுவது, அந்த நினைவு திடீரெனக் கண்முன் நிற்பது, சிறு சத்தத்துக்கும் துள்ளுவது, உறக்கமும் சாப்பாடும் கெடுவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு வைத்தியம் வேண்டும். மேலே சொன்ன ஏணிப்படியை அவர்கள் தனியே ஏற முயல வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்தெடுக்க வெட்கப்படுகிறோமா? இதற்கு மட்டும் ஏன் வெட்கம்?

பிள்ளைகளும் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளைக் கண்டு அந்தச் சிறுவன் தேறியதுபோல, நம் பயத்தைக் கண்டு பயப்படவும் பிள்ளைகள் பழகுவார்கள். "எனக்குப் பயமில்லை" என்று அவர்களிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை. "உம்மாவுக்குக் கொஞ்சம் பயம்தான் மகள். ஆனாலும் போவோம்" என்று சொல்லுங்கள். வாழ்நாள் முழுவதும் அவர்களுக்கு உதவும் பாடம் அதுதான்.

மீண்டும் அந்த வீட்டுக்கு வருவோம். தாளில் ஏணிப்படி எழுதியாயிற்று. மூன்று படிகள் ஏறியாயிற்று. முற்றத்தில் டின் இருக்கிறது, கதவருகே பை இருக்கிறது. இன்று வானம் தெளிவு.

"உம்மா, திங்கக்கிழமை நான் போகட்டா?"

நெஞ்சு அடிக்கிறது. அடிக்கட்டும். அந்தத் தாய் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொல்கிறார்:

"நானும் வாறேன் மகள். முதல் நாள் ரெண்டு பேரும் போவம்."

சகோதரிகளே, உங்கள் வீட்டில் "அடுத்த கிழமை பார்ப்பம்" என்று எத்தனை காரியங்கள் கிடக்கின்றன? அவற்றுள் ஆகச் சிறிய ஒன்றை எடுத்து, இந்தக் கிழமையே முதற்படியில் காலை வையுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் காரியங்களையும் இலேசாக்கித் தருவானாக!